வேட்டைப் பட்டியலிலிருந்து வந்த பெயர்கள்
விலங்கு, பறவைக் கூட்டங்களுக்கான ஆங்கிலப் பெயர்களைப் பற்றிய கட்டுரையில், காக்கைக் கூட்டத்துக்கு 'மர்டர்' (கொலை), சிங்கக் கூட்டத்துக்கு 'பிரைட்' (பெருமிதம்) என்பனவற்றை ஆங்கிலேயரின் அன்றாட வழக்கைப் போலக் கட்டுரையாளர் காட்டியிருப்பது முழுவதும் பொருந்தாது. இவ்விரண்டுமே 1486இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் அச்சான வேட்டை நூலொன்றின் பட்டியலில் உள்ளவை. கன்னியாஸ்திரிகள் கூட்டத்தைத் தேவைக்கு மிஞ்சியது என்னும் பொருளில் 'சூப்பர்ஃப்ளூயிட்டி' என்று குறித்த குறும்பும் அதே பட்டியலில் இருப்பதால், அதை முழுக்க முழுக்கக் கலைச்சொல் தொகுதியாகக் கொள்வதற்கில்லை. விலங்கியலார் இன்று 'பிரைட்' என்று தயங்காமல் எழுதுகிறார்கள். காக்கைகளுக்கோ பறவையியலார் பெரும்பாலும் பறவைக் கூட்டம் எதற்கும் பொதுவான 'ஃபிளாக்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது (கட்டுரையில் விடுபட்டதும்கூட) 'கீஸ்' எனப்படும் காட்டுப் பெருவாத்துகளுக்குரிய வேறுபாடுதான்: தரையில் இரைச்சலிட்டு நிற்கும் கூட்டம் 'காகிள்', அதுவே வானில் நீண்ட வரிசையாகப் பறக்கும்போது, நூற்கழியைக் குறிக்கும் 'ஸ்கீன்' என்ற பெயரைப் பெறுகிறது.