ஃபூத்தி மரபணு மாற்றிய பசு அல்ல

இந்தத் திரியில் அண்ணன் ஒருவர், 2003-இல் தென்னாப்பிரிக்காவில் நம் பிரிட்ஸ் ஊரில் பிறந்த ஃபூத்தி கன்றுக்கு குளோனிங் விஞ்ஞானி காபோர் வாய்டா 'மனித மரபணு செலுத்தினார்' என்று எழுதியிருக்கிறார். ஃபூத்தி வெறும் குளோன். பால் அதிகம் கறந்த ஒரு ஹோல்ஸ்டீன் பசுவின் நகல், அவ்வளவுதான்.

வாய்டா குழுவின் கைமுறைக் குளோனிங்கில் முட்டையை நுண்ணூசியால் கையாளும் விலை உயர்ந்த நுண்கையாள் கருவி கிடையாது. சினைமுட்டையின் வெளியுறையை நொதியால் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய பிளேடால் கையாலேயே இரண்டாக வெட்டுவார்கள். சாயமேற்றிப் பார்த்து, டிஎன்ஏ உள்ள பாதி கழிக்கப்படும். அரை முட்டையில் சைட்டோபிளாசம் (செல்லுக்குள் நிரம்பியிருக்கும் கூழ்) போதாது. அதனால் இரண்டு வெற்றுப் பாதிகளுக்கு நடுவே ஓர் உடல் செல்லை வைத்து மின் துடிப்பால் இணைப்பார்கள். பிறகு ரசாயனத் தூண்டல், ஏறக்குறைய ஏழு நாள் வளர்ப்பு, வாடகைத்தாய்ப் பசு. உறை இல்லாததால் கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே வளர்ப்புத் தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி வேண்டும். இந்தச் சின்னக் குழிதான் முறையின் உயிர்நாடி என்பேன்.

இதில் எங்கும் புது மரபணு நுழையவில்லை. முட்டையோடு வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டிஎன்ஏ மட்டும் வேறு.

மனித மரபணு வந்தது 1997-இல், ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் பிறந்த பாலி என்ற ஆட்டில்: ரத்தம் உறையவைக்கும் ஒன்பதாம் காரணி என்ற புரதத்துக்கான மரபணு. அண்ணன் இரண்டையும் குழப்பிவிட்டார் போல.