நெலவுக்கு மரம் எங்கிருந்து வருகிறது?

போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு மரக்கடையில் நெலவுக்கு, அதாவது வாசற்காலுக்கு, மரம் பார்த்தேன். கன அடி விலையைக் கேட்டுத் திகைத்து நின்றதும் கடைக்காரர் சொன்னார்: "காட்டப் பூட்டி வெச்சுட்டாங்க. அப்பறம் மரம் எங்கிருந்துங்க வரும்?"

சின்ன வயதிலிருந்து கேட்கிற பேச்சு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

ஆனைமலைத் தேக்கை வெள்ளைக்காரர்கள் எப்படி வெட்டினார்கள் என்பதற்கு டாப்சிலிப் என்ற பேரே சாட்சி. மலைமேலிருந்து கட்டைகளைச் சரித்துவிட்ட இடம் அது. ஹூகோ வுட் என்ற வன அதிகாரி விடாமல் நட்டதால்தான் அங்கே மறுபடி தேக்கு நிற்கிறது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூடலூர் மரவெட்டில் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டு மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. இரண்டும் வேண்டியவை.

தப்பு நடந்தது பட்டா நிலத்தில்.

எங்க அப்பாரு தோட்டத்து வேலியில், குருவி எச்சத்தில் சந்தனக் கன்று தானாக முளைக்கும். ஒரு சாண் வளர்வதற்குள் பிடுங்கி எறிவார். 2002-இல் சட்டத்தைத் திருத்தும்வரை பட்டா நிலத்துச் சந்தனமும் அரசாங்கச் சொத்து. "திருடன் வெட்டிட்டுப் போவான், நாம ஸ்டேசன்ல நிக்கோணும்" என்பார். இப்படி எத்தனை வேலிகளில் எத்தனை கன்றுகள் போயிருக்கும்!

சட்டம் மாறியும் பயம் போகவில்லை. எங்க சித்தப்பா முப்பது வருஷம் வளர்த்த தேக்கை வெட்ட விஏஓ சான்றுக்கும், மரத்தை ஏற்றிப்போக வனத்துறை தரும் பாஸுக்கும் நாலு மாதம் அலைந்தார். கடைசியில் மரம் நின்ற நிலையிலேயே ஒரு வியாபாரிக்கு, அந்த ஆள் கேட்ட குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். பாஸ் எடுக்கிற வழி வியாபாரிக்குத் தெரியும். வியாபாரி வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசமும் சேர்ந்துதானே கன அடி விலையில் ஏறுகிறது?

கடையில் எனக்குக் காட்டியது ஆப்பிரிக்கத் தேக்கும் மலேசிய மரமும். பர்மா 2014-இல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. நம்ம காட்டைக் காப்பாற்றிவிட்டு இன்னொரு நாட்டுக் காட்டை அறுத்துக் கதவு போடுவது எனக்கு உறுத்துகிறது.

மலைவேம்பும் சவுக்கும் நம்ம பக்கம் நிறையப் பேர் வைக்கிறார்கள். சில வருஷத்திலேயே பிளைவுட்டுக்கும் காகித ஆலைக்கும் போய்விடும். நெலவுக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். அதற்காகத் தலைமுறைக் கணக்கில் காத்திருக்கிற விவசாயிக்கு, வெட்டுகிற நாளில் யார் தடுப்பார்களோ என்ற நினைப்பு இருக்கக் கூடாது. வாடல் நோயில் தென்னையைச் சாய்த்த தோப்புகள் ஆனைமலைப் பக்கம் இருக்கின்றன. அங்கே தேக்கு வைக்கலாமே.

கன்று நட்ட வருஷமே விஏஓ அதை அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கில், ஏற்றட்டும். வெட்டும்போது அந்த ஒரு பதிவே போதும் என்று அரசு அறிவிக்கட்டும். அப்படிச் செய்தால் இந்த வயசிலும் மறுபடி தேக்கு வைப்பேன் என்கிறார் சித்தப்பா. கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.