பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்கய்யா

என் குறும்படத்த ஓட விடாமலே வேணாம்னு சொன்ன ஒரு திரைப்பட விழாவப் பத்தி நான் போட்ட ஸ்க்ரீன்ஷாட் விவகாரம் உங்கள்ல நெறயப் பேருக்குத் தெரியும், மறுபடி முதல்லருந்து சொல்லப் போறதில்ல. நாலு நாளா வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி மண்டபம் ஊருலருந்து ஒரு தம்பி போன் பண்ணி "அண்ணே, உங்கள வச்சு மீம் போட்டுருக்காய்ங்க, பாத்தீங்களா"ன்னான். பாத்தேன். கைலிய மடிச்சுக் கட்டி வலைய இழுக்குற ஒருத்தர் ஒடம்புல என் தலைய ஒட்டி, கீழ "நெக்ஸ்ட் ப்ராஜெக்ட்"னு போட்டுருக்காய்ங்க. எடிட்டிங் சுத்தமா இருந்துச்சு, அத ஒத்துக்கணும்.

நான் போட்டது என்ன? யூடியூப் மாதிரி வீடியோ ஏத்துற விமியோ தளத்துல, என் படத்தோட கணக்குல எத்தன தடவ ப்ளே ஆயிருக்குங்கிற நம்பர். ஒரு விழாவுக்குன்னு தனியா ஏத்தி, தனி பாஸ்வேர்டு போட்டு, டவுன்லோட நிறுத்தி வச்ச லிங்க். அந்த விழாக்காரங்க அனுப்புன "உங்கள் படைப்பை மிகவும் ரசித்தோம், ஆயினும்"னு ஆரம்பிக்கிற மெயில் ஒரு பக்கம், ப்ளே கவுண்ட் பூஜ்யம்னு இன்னொரு பக்கம். விழா பேரக்கூட அழிச்சுட்டுத்தான் போட்டேன். ரசிச்சீங்கன்னா எத ரசிச்சீங்க? தம்ப்நெயிலயா?

நான் கேட்டது ஒன்னே ஒன்னு. வேணாம்னு சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க, ஆனா பாத்துட்டு சொல்லுங்க.

அதுக்கு ஒரு அண்ணன் (பேரு வேணாம், நானும் ஒரு காலத்துல அவரு போஸ்ட்டெல்லாம் சேவ் பண்ணி வச்சுப் படிச்சவன்தான்) "எண்ட்ரி ஃபீஸ் போனதுக்கே இந்த அழுகைன்னா எதுக்கு ஃபெஸ்டிவலுக்கு ஆசப்படணும், ஊர்ல நிம்மதியா மீன் பிடிக்கலாமே"ன்னு எழுதுறாரு. தொள்ளாயிரம் லைக். லைக் போட்டதுல என்னோட பழைய ரூம்மேட் ரெண்டு பேரு.

சரி கணக்கு பேசுவோம். 17 நிமிஷப் படம். எடுக்குறதுக்கு 1,10,000 ஆச்சு. அனுப்புனது 23 இடம். அதுல 4 இலவசம், மிச்சம் 19க்கு எண்ட்ரி ஃபீஸ் மட்டும் 41,600 ரூபா. 15 டாலர்ல ஆரம்பிக்கும், லேட் டெட்லைன்னா 50, 60ன்னு ஏறும். என் டெபிட் கார்டு வெளிநாட்டுக்கு வேலை செய்யாது, அதனால கீழக்கரைல இருக்க சிநேகிதன் கிரெடிட் கார்டுல கட்டுவேன், கார்டுக்காரன் அதுக்கு மேல மூணரை பர்சென்ட் எடுப்பான், அதுக்கு ஜிஎஸ்டி வேற, அவனுக்கு நான் மாசாமாசம் ரெண்டாயிரமா குடுத்து அடச்சுட்டு வர்றேன். இது போக டிசிபி (தியேட்டர்ல ஓட்டுறதுக்கான ஃபைல்) பண்ண 12,000, சப்டைட்டில் பாத்துத் திருத்துனதுக்கு 3,000. இந்த 19ல 7 இடத்துல ப்ளே கவுண்ட் பூஜ்யம். இன்னும் 3 இடத்துல ரெண்டு நிமிஷம் தாண்டல. என் படத்துல முதல் ரெண்டு நிமிஷம் ஒரு பொம்பள பாத்திரம் வெளக்குறா, அவ்வளவுதான். அவ கடலுக்குள்ள எறங்குறது ஆறாவது நிமிஷம்.

"ஆயிரக்கணக்குல படம் வருது, எல்லாத்தையும் எப்படிப் பாப்பாங்க"ன்னு கேக்குறீங்க. நியாயம். அப்ப பாக்க முடியுற அளவுக்குத்தான காசு வாங்கணும்? கடைல பத்து பரோட்டாதான் மாவு இருக்குன்னா நூறு பேருகிட்ட பில்லு போட்டுட்டு "உங்கள் பசியை மிகவும் மதிக்கிறோம்"னு சீட்டு குடுத்தா கல்லாவுலயே அடிதடி ஆயிரும்.

"விமியோ நம்பர நம்ப முடியாது"ன்னு ஒருத்தர் டெக்னிக்கலா எழுதியிருந்தாரு. இருக்கலாம். ஒன்னு ரெண்டு தப்பா காட்டிருக்கலாம். ஏழுமா? போங்க சார்.

எங்க சின்னம்மா கடல்பாசி எடுக்குறவங்க, படத்துல வர்ற பொம்பளையும் அவங்கதான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், தென்கடல் பக்கம் தண்ணி வத்துற நாளா பாத்து விடியக்காலம் பொம்பளைக எறங்குவாங்க. கண்ணுல கண்ணாடி, வெரல்ல துணியோ ரப்பரோ சுத்தி, இடுப்புல பை. மூச்சப் புடிச்சு முங்கி பாறைல இருக்க மரிக்கொழுந்து பாசியப் பிச்சு எடுக்கணும். கச்சான் காத்து அடிச்சா தண்ணி கலங்கிரும், ஒன்னும் தெரியாது. தீவுப் பக்கம் பாசி நல்லா கெடக்கும், ஆனா 21 தீவும் 1986லருந்து தேசியப் பூங்கா, போனா பிரச்சன. அதனால நானும் கரைய ஒட்டித்தான் படம் எடுத்தேன். நீங்க திங்கிற ஜெல்லில, ஐஸ்க்ரீம்ல கெட்டிக்குப் போடுற அகர் இருக்குல்ல, அதுக்கெல்லாம் போற பாசி இது.

காயப்போட்ட பாசிய ஏவாரி வந்து எடுப்பான். அவன மாதிரி ஒரு கறார் ஆள நான் பாத்ததில்ல. மண்ணுக் கழிவும்பான், ஈரக் கழிவும்பான், பத்து கிலோ ஏழா ஆயிரும். சின்னம்மா மண்ண வாரித் தூத்தாத கொறையா திட்டும். ஆனா அவன் கூட சாக்கத் தொறந்து, கைய உள்ள விட்டு, அடிலருந்து ஒரு புடி எடுத்து, நசுக்கிப் பாத்து, மோந்து பாத்துட்டுத்தான் கழிப்பான். சாக்கப் பிரிக்காமலே "உங்கள் பாசியை மிகவும் ரசித்தோம்"னு சொல்லிட்டுப் போக மாட்டான். அதுக்கு சின்னம்மாகிட்ட அவன் காசும் வாங்க மாட்டான்.

நான் என்ன விருதா கேட்டேன்? சாக்கப் பிரிச்சுப் பாருன்னுதான கேட்டேன்.

"கூழாங்கல் படம் ஜெயிக்கலையா, நல்லா இருந்தா உலகம் தேடி வரும்"னு கமெண்ட்ல குறைஞ்சது முப்பது பேரு. ஜெயிச்சுச்சு. 2021ல நெதர்லாந்துல ராட்டர்டாம் திரைப்பட விழாவுல டைகர் விருது, டைரக்டர் வினோத்ராஜ் அண்ணனுக்கு கொரோனாவுல ஆன்லைன்ல அறிவிச்ச வருஷம், அன்னைக்கு நான் எங்க வீட்டுல குதிச்ச குதில அம்மா வேலை ஏதும் கெடச்சுருச்சோன்னு ஓடி வந்துச்சு. ஆனா ஒருத்தர் கரை ஏறுனத வச்சு தண்ணிக்குள்ள இருக்க அத்தன பேரு தலைலயும் அடிக்காதீங்க. அந்தப் படத்த அங்க யாரோ உக்காந்து முழுசா பாத்தாங்க. அதத்தான் நானும் கேக்குறேன்.

இந்த எலை மேட்டருக்கும் வந்துர்றேன், அதையும் கிண்டல் பண்ணிருந்தாங்க. விழாவுல தேர்வானா போஸ்டர்ல ஒட்டுற எலை மாதிரி சின்னம், லாரல். ஆமா, மாசாமாசம் நடக்குற விழாவெல்லாம் இருக்கு, தியேட்டரும் கெடையாது ஆடியன்ஸும் கெடையாது, ஒரு வெப்சைட்டு, காசு கட்டுனா "அஃபீஷியல் செலக்ஷன்", ட்ராஃபி வேணும்னா தனியா 120 டாலர். என் போஸ்டர்ல இருக்க நாலு எலைல ரெண்டு அந்த மாதிரிதான். தெரிஞ்சுதான் ஒட்டுனேன். ஏன்னா எங்கூருல ஒரு பெரிய மனுசர் "படம் எடுத்த சரி, எங்கயாச்சும் எடுத்துக்கிட்டாய்ங்களா"ன்னு வாரத்துக்கு ஒருவாட்டி அப்பாகிட்ட கேப்பாரு, அப்பாவுக்குக் காட்ட எதாச்சும் வேணும். கேவலம்தான். சிரிங்க.

மிச்ச ரெண்டும் நெசமான எலை. அதுல ஒன்னு நம்ம தலைநகரத்துலயே. 2024, அப்ப பாம்பன் பழைய பாலத்துல ரயில நிறுத்தியிருந்தாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் தொறந்தாங்க. ராம்நாடு வரைக்கும் பஸ்ல வந்து ராத்திரி ரயில் ஏறி, எழும்பூர்ல எறங்கி ஸ்டேஷன்லயே பல்லு வெளக்கிட்டு நேரா போனேன். காலைல ஒம்பதரைக்கு ஸ்லாட். உள்ள பதினோரு பேரு, அதுல நாலு பேரு கழுத்துல வாலண்டியர் அட்டை. படத்த ஸ்க்ரீனுக்கு ஏத்த மாதிரி இழுத்து விட்டுட்டாங்க, எங்க சின்னம்மா முகம் பூசணிக்கா மாதிரி அகலமா தெரியுது. ஓடிப்போயி ஆப்பரேட்டர்கிட்ட சொன்னா "சார் 17 நிமிஷம்தான, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க"ன்னாரு. கேள்வி பதிலுக்கு நேரம் இல்லன்னுட்டாங்க. போக்குவரத்து என் செலவு. அதப் பத்தி நான் ஒரு வரி எழுதல அப்ப, ஞாபகம் வச்சுக்கங்க. ஏன்னா அந்தப் பதினோரு பேரும் பாத்தாங்க, பூசணிக்காவாவாச்சும்.

கேரளாவுல 2008லருந்து டாக்குமெண்டரிக்கும் குறும்படத்துக்கும்னே தனியா அரசாங்கம் விழா நடத்துது. திருவனந்தபுரத்துல கைரளி தியேட்டர் வாசல்ல காலைல நிக்கிற வரிசையப் பாத்துட்டு டெலிகேட் அட்டையோட ஒரு ஓரமா நின்னு நான் அழுதுருக்கேன். அங்கயும் வேணாம்னு சொல்றாங்க, எனக்கும் சொல்லிருக்காங்க. கோவம் வரல.

இன்னொன்னு சொன்னா நீளமாயிரும், ஆனா சொல்லணும். ஒரு இடத்துல தனியா காசு கட்டுனா "ஃபீட்பேக்" தருவாங்க. கட்டுனேன். வந்த ஃபீட்பேக்: ராமேஸ்வரம் கடல்னதும் துப்பாக்கிச் சூடு, கச்சத்தீவு, அந்த மாதிரி ஒரு தீவிரத்த எதிர்பாத்தோம், கண்ணாடி ஒடஞ்சு போன பொம்பளை இன்னொரு கண்ணாடி எரவல் கேட்டு அலையுறதுல "ஸ்டேக்ஸ்" (தோத்தா என்ன போகும்ங்கிறது) போதல, தனுஷ்கோடி இடிபாடுகள பயன்படுத்தியிருக்கலாம். 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சுச் சொவத்துக்கு மேல ட்ரோன பறக்க விட்டா எங்க கதை முடிஞ்சுரும் போல. எங்க மாமா ஒருத்தரு இலங்கைப் பக்கம் புடிபட்டு நாலு மாசம் கழிச்சு வந்தாரு, படகு வரல, அத நான் எப்ப எடுக்கணுமோ அப்ப எடுப்பேன். உங்க மெனு கார்டுக்கு எடுக்க மாட்டேன். தண்ணி வத்துற நாளு கைவிட்டு எண்ணுற அளவுதான் வரும், அன்னைக்குக் கண்ணாடி இல்லன்னா அன்னைக்கு வருமானம் இல்ல, எரவல் குடுத்தா குடுக்குறவளுக்கு இல்ல. ஸ்டேக்ஸாம்.

"மீன் பிடிக்கலாமே"ன்னு சொன்ன அண்ணனுக்கு. மீன் பிடிக்கிறது என்னமோ படிக்காதவன் கடைசியா போற எடம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. எனக்கு அது வராதுண்ணே. பதினஞ்சு வயசுல அப்பாவோட ரெண்டு வாட்டி போயி வாந்தி எடுத்தே படகு நாறிப்போச்சு, "நீ கரைலயே கெட அப்பு"ன்னு விட்டுட்டாரு. எங்கப்பாவுக்கு நான் லாயக்கில்லாதவன், உங்களுக்கும் லாயக்கில்லாதவன், ரைட்டு. ஆனா அப்பா என்னய ரெண்டு வாட்டி கூட்டிட்டுப் போயிப் பாத்தாரு.

விழாவுக்கெல்லாம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு மீன்பிடித் தடைக்காலத்துல, விசைப்படகெல்லாம் கட்டிக் கெடந்த 61 நாள்ல ஒரு நாள், ஏலக்கூடச் சொவத்துல வேட்டிய கட்டி படத்தப் போட்டேன். காத்துல வேட்டி ஆடுது, நாய் குறுக்க போகுது. சின்னம்மா கடல்லருந்து ஏறி வந்து கரைல உக்காந்து அழுகுற சீன், நான் உசுரக் குடுத்து எடுத்தது, லைட்டுக்காக மூணு நாள் காத்துக் கெடந்து எடுத்தது. அந்த எடத்துல பொம்பளைக அத்தன பேரும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சுட்டாங்க. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. என்னன்னு கேட்டா, "ஏப்பு, முங்கிட்டு வந்தவ முந்தி காஞ்சு கெடக்கு பாரு, தலைல உப்பு பூக்கல, இவ கடலுக்குப் போனாளா கல்யாணத்துக்குப் போனாளா"ன்னு ஒரு கெழவி. சின்னம்மாவே சேந்து சிரிக்குது. மறுநா உக்காந்து அந்த ஷாட்ட வெட்டி எறிஞ்சேன். படம் 18 நிமிஷமா இருந்துச்சு, 17 ஆனது அப்படித்தான். எனக்கு இதுவரைக்கும் கெடச்ச ஃபீட்பேக்குல காசு கட்டாதது அது ஒன்னுதான்.

"யூடியூப்ல போட்டுட்டுப் போயேன்"னு சொல்றவங்களுக்கு: போட்டா பாதி விழாவுல எடுக்க மாட்டாங்க. இன்னும் மூணு இடத்துல பதில் வரல, அதுல ஒன்னுல ப்ளே கவுண்ட் நேத்து ஒன்னு ஆச்சு. 17 நிமிஷமும் ஓடிருக்கு. எவரோ ஒருத்தர். நான் காலைலருந்து அத நாலு வாட்டி தொறந்து பாத்துட்டேன்.

திட்டணும்னு நெனைக்கிறவங்க திட்டுங்க, பரவால்ல. இன்பாக்ஸ்ல லிங்க் கேளுங்க, தர்றேன், முழுசா ஓட விட்டுட்டு வந்து திட்டுங்க. அண்ணனுக்கும் சேத்துத்தான் சொல்றேன். பாஸ்வேர்டு சின்னம்மா பேரு, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் கெடையாது.