கொள்ளிடம் பழைய பாலம் வயசாகித்தான் விழுந்ததா?

எங்கள் தெருவில் சாயங்காலம் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கொள்ளிடம் பாலத்தில் போய்த்தான் முட்டும். அந்தப் பாலமே இப்போது கிடையாது. 2022-ல் இடிக்க ஆரம்பித்து இரும்பையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் திருச்சி திருவானைக்காவலில் குடியிருந்துகொண்டு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும். வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். மேட்டூர் நிரம்பி உபரி வந்தால் அதைக் கொள்ளிடத்தில்தான் தள்ளிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அங்கே மணலும் நாணலும்தான். அந்த ஆற்றைத் தாண்டி வடகரையில் இருக்கிற நம்பர் ஒன் டோல்கேட்டுக்குப் போக 1928-ல் வந்தது பழைய இரும்புப் பாலம். மேட்டூர் அணை முடிந்ததே 1934-ல். அதாவது, மேலே அணை என்று ஒன்று இல்லாத காலத்து வெள்ளத்தையும் பார்த்த பாலம் அது.

2016-ல் ஒட்டியே புதுப் பாலம் திறந்ததும் பழசில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 18, 19-வது தூண்கள் போயின. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், ஆகஸ்ட் 22-ம் தேதி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனது.

இனி தெருவுக்கு வருவோம். மாடி வீட்டு மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தீர்ப்பு ஒரே வரி: "தொண்ணூறு வருஷம் நின்னுடுத்து, இன்னும் எத்தனை நாள் நிக்கும்?" எதிர் வீட்டு அண்ணன் இரட்டை இலை. 2018-ல் அவர் சொன்னது: "மேட்டூர்லேர்ந்து ரெண்டு லட்சம் கனஅடி வருது, எதுடா தம்பி நிக்கும்?" கடைசி வீட்டுக்காரர் உதயசூரியன். "மணலை அள்ளி வித்தீங்க, பாலம் விழாம என்ன பண்ணும்?" என்று அவர் பாய்வார். டீ ஆறிவிடும், இவர்கள் ஆற மாட்டார்கள்.

2021-ல் ஆட்சி மாறியது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் மறுபடி பெருவெள்ளம். இந்தத் தடவை புதுப் பாலத்துத் தூண்களைக் காப்பாற்றக் கட்டிய தடுப்புச் சுவரே பெயர்ந்து போனது. ஆற்றுக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரமும் சாய்ந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எதிர் வீட்டு அண்ணன் மணல் கொள்ளை பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறார். கடைசி வீட்டுக்காரர், "இயற்கைச் சீற்றத்துக்கு யாருங்க பொறுப்பு?" என்கிறார். வசனத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்!

என் கருத்து இதுதான். பழைய பாலத்தை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. தூண் போன பாலத்தை, ஓடுகிற பாலத்துக்குப் பக்கத்திலேயே அப்படியே விட்டு வைத்தால் அடுத்த வெள்ளத்தில் புதுசுக்கும் ஆபத்து. எடுத்தது சரி. ஆனால் 'வயசாகிவிட்டது' என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்து எடுத்ததைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. புதுப் பாலத்துச் சுவருக்கு என்ன வயசு?

பங்குனி, சித்திரையில் ஆறு காய்ந்து கிடக்கும்போது பழைய பாலத்துக்குக் கீழே இறங்கிப் போனவர்களுக்குத் தெரியும். தூணின் மேல்பாதி வெயிலில் வெளுத்துக் கிடக்கும். கீழே வர வர நிறம் மாறும். அதற்கும் கீழே, மணலுக்குள் மறைந்திருக்க வேண்டிய அடிக்கட்டுமானம் வெளியே தெரியும். ஆற்று மணலில் கிணறு மாதிரி அடித்தளம் இறக்கி எழுப்புகிற தூணுக்குச் சுற்றியுள்ள மணல்தான் பிடிமானம். வெள்ளம் வரும்போது தூணடியில் சுழித்துக் குடையும். படுகை ஏற்கெனவே இறங்கியிருந்தால், குடைகிற வேலையில் பாதியை நாமே முடித்துக் கொடுத்த மாதிரி.

படுகை மட்டம்தான் இந்த ஊரின் வரலாறே. ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டியது எதற்கு? கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போனது. காவிரி மேடிட்டுத் தஞ்சாவூர் வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. அதைச் சரிசெய்யத்தான் அணை. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பொறியாளர் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே படுகையை, இன்று லாரி போட்டு நாமே கீழே இறக்கிக்கொண்டிருக்கிறோம். ('வெள்ளைக்காரன் கட்டினதுடா' என்று மாமா உருகுவார். அவன் கட்டியதும் விழும் மாமா, அடியில் பறித்தால்.)

இதில் எந்தக் கட்சிக்காரரும் மார்தட்ட வழியில்லை. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்துவது என்று முடிவானது. அதற்குப் பிறகு வந்த எல்லா ஆட்சியிலும் அது ஓடியது. மாட்டு வண்டியில் அள்ளியது போய் பொக்லைன் வந்தது. இத்தனைக்கும் ஸ்ரீரங்கம் 2011-ல் ஜெயலலிதாவே நின்று வென்ற தொகுதி. முதல்வர் தொகுதி என்பதால் என்னென்னவோ வந்தது. ஆற்றுப் படுகையை அளக்க மட்டும் யாரும் வந்த மாதிரி தெரியவில்லை.

பெட்டிக்கடை அக்கா ஒருநாள் இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க எல்லாரும் வீடு எந்த மணல்ல கட்டுனீங்க?" என்றார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) வருவதற்கு முன்னால் கட்டிய வீடுகள் எல்லாம்.

அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு நாலு லோடு அள்ளுவதும், இரவு பகலாக மாநிலம் முழுக்க ஏற்றி அனுப்புவதும் ஒன்றாகிவிடாது.

பழைய தூண்களோடு எங்களுக்கு இருந்த ஒரே அளவுகோலும் போய்விட்டது. மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு சாட்சி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளம் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க ஆற்றில் அளவு எழுதி வைக்கிறோம். அதே மாதிரி, மணல் எங்கே நின்றது என்று புதுப் பாலத்துத் தூண்களில் வருஷம் போட்டு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோடையிலும் அளந்து, வெளியே சொல்லுங்கள்.

இதை ஒரு மனுவாக எழுதித் தெருவில் கையெழுத்து வாங்கினேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டுப் போட்டார். அக்கா போட்டார். கடைசி வீட்டுக்காரர், மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். எதிர் வீட்டு அண்ணன் உடனே போட்டுவிட்டார், தேதியையும் தானே எழுதினார். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினாலும் இந்தக் கையெழுத்து செல்லும்தானே அண்ணே என்று கேட்டேன். "உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.