பேட்டரியை மாற்றும் முன் ஒரு நிமிடம்

"ஊட்டிக் குளிரில் காலையில் டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது, உடனே மாற்றுங்கள்" என்று, ஊட்டியில் கார் கிளம்பவில்லை எனக் கேட்ட ஒருவருக்கு இன்னொருவர் சொன்ன பதில் பாதிதான் சரி. முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் பக்கம் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருந்து, சுற்றும்போது 9.6-க்கும் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். அப்போதும் டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

கேட்டவர் எழுதியதோ வேறு: இன்ஜின் வேகமாகத்தான் சுற்றுகிறது, பிடிக்கவில்லை, வெள்ளைப் புகை வருகிறது. எரியாத டீசல்தான் அப்படிப் புகையாக வரும். அதற்குக் காரணம் பெரும்பாலும் குளோ பிளக் (குளிரில் டீசல் பற்றிக்கொள்ள இன்ஜினுக்குள் சூடேற்றும் சின்ன ஹீட்டர்) அல்லது அதற்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலே. கோவை வெயிலில் குளோ பிளக் இல்லாமலே வண்டி கிளம்பிவிடும், அதனால் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் தெரியாது. மலையேறி ஒரு ராத்திரி நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். மல்டிமீட்டரில் பிளக்கின் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள், புது வண்டிகளில் குறைந்த வோல்ட் பிளக் இருக்கும், கருகிவிடும்.

அப்புறம், எளிதில் தீப்பற்றும் ஈதர் உள்ள ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை இன்ஜினுக்குள் அடிக்கச் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள். குளோ பிளக் சூட்டில் ஈதர் நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே உடையலாம்.