கம்பிக்குப் பதில் கயிறு: அறுந்தது என் தப்பு

என் பாய்மரப் படகின் சென்டர்போர்டை, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் பலகையை, தூக்கும் எஃகுக் கம்பியை எடுத்துவிட்டு டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போட்டேன், ஒரே சீசனில் அறுந்தது. "கம்பியே போதும்னு அப்பவே சொன்னேனே" என்று சிரித்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கயிற்றின் மேல் குற்றமே இல்லை.

பழைய கம்பி பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. நுனியில் அமுக்கிப் பொருத்திய உறையின் வாயில் மட்டும் பழுப்பாகக் கசிவு. துருப்பிடிக்காத எஃகு என்று பேர்தான், அதன் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும், உறைக்குள் தேங்கிய உப்புத் தண்ணீரில் அது கிடைக்காமல் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டே போகும். வெளியே உருவும்போது அறுந்த இழை ஒன்று உள்ளங்கையில் ஏறியது தனிக்கதை.

டைனீமா பாலிஎத்திலீன் வகை. துரு கிடையாது, தண்ணீரில் மிதக்கும், அதே தடிமன் எஃகுக் கம்பியைவிட வலு அதிகம். வெயில்தான் ஆகாது, ஆனால் பலகை ஏறி இறங்கும் கூட்டுக்குள் வெயில் எங்கே வருகிறது?

அப்புறம் ஏன் அறுந்தது? பழைய கப்பியை அப்படியே விட்டிருந்தேன். வருஷக்கணக்கில் கம்பி ஓடி, பள்ளத்தின் ஓரமெல்லாம் அரம் மாதிரி பிசிறு. கொஞ்சம் பஞ்சை எடுத்து அதில் தேய்த்துப் பார்த்தேன், நார் நாராகப் பிய்த்துக்கொண்டது. கம்பிக்கு அது ஒன்றுமில்லை, கயிற்றுக்கு அதுதான் கத்தி. கப்பியை மாற்றுங்கள், கயிறு நுழையும் துளையின் விளிம்பையும் உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள்.

முடிச்சும் போட்டிருந்தேன், அது அடுத்த முட்டாள்தனம். இந்தக் கயிறு வழுக்கும், முடிச்சில் பாதி வலு போய்விடும். நுனியைக் கயிற்றுக்குள்ளேயே சொருகி ஸ்ப்ளைஸ் செய்ய வேண்டும், விட்டத்தைப் போல் 72 மடங்கு நீளத்துக்கு. 5 மி.மீ. கயிறென்றால் 36 செ.மீ., ஒரு சாண் போதாது.

கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள சின்னக் கடலுயிரி) ஒரு தொல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கூட்டுக்குள் ஒட்டி வளர்ந்தால் அதன் ஓடு கயிற்றை அறுக்கும், அவ்வப்போது சுரண்டத்தான் வேண்டும்.

கம்பியை உருவும் முன் அதன் வாலில் ஒரு மெல்லிய நூலைக் கட்டிவிடுங்கள், புதுக் கயிற்றை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம். நான் கட்டவில்லை. வளைந்த குழாய்க்குள் கயிற்றை நுழைக்க அரை நாள் போனது.