ஹாலிவுட் பிராட்ஸ் அமெரிக்கக் குழு அல்ல

"ஹாலிவுட் பிராட்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த கிளாம் பங்க் குழு, செக்ஸ் பிஸ்டல்ஸைப் பார்த்துத் தொடங்கியது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. (கிளாம் பங்க் என்பது பளபளப்பான ஒப்பனையும் முரட்டு ராக் இசையும் கலந்த பாணி; செக்ஸ் பிஸ்டல்ஸ் பிரிட்டனின் பங்க் ராக் குழு.) இரண்டுமே தவறு. பெயரில் மட்டும்தான் ஹாலிவுட், குழு லண்டனுடையது. பாடியவர் ஆண்ட்ரூ மாத்திசன், கீபோர்டு வாசித்தவர் நார்வேக்காரர் கசினோ ஸ்டீல். 1973-லேயே ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் முதன்முதலில் மேடை ஏறியதே 1975 நவம்பரில்தான். அப்புறம் எப்படி நகலாகும்?

ஆல்பம் 1975-இல் நார்வேயில் வெளிவந்தபோது குழுவே கலைந்திருந்தது. பிரிட்டனில் செர்ரி ரெட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது 1980-இல். இந்தத் தாமதம்தான் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் நார்வே, பிரிட்டன் வெளியீடுகளை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்ப வேண்டாம்.